படகுக்குப் போட்ட கதவு பாலிஷ்

என் கணவருக்கு உலகத்தில் இரண்டே வகை மரம்தான் தெரியும்: பாலிஷ் போட்ட மரம், இன்னும் பாலிஷ் போடாத மரம். காரைக்குடி, கோட்டையூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால் முதல் ஆள் அவரைத் தேடித்தான் வரும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஒட்டடை அடித்ததும், முகப்புக் கதவிலிருந்து உள்முற்றத்து வளவுத் தூண் வரைக்கும் பாலிஷ் போட்டாக வேண்டும். அரக்குச் செதிலை ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுவார். பஞ்சைத் துணிக்குள் வைத்து உருண்டையாகக் கட்டி, அதில் தொட்டுத் தொட்டு மரத்தில் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். ஒரு பூச்சு காய்ந்ததும் அடுத்தது. ஒன்பது பூச்சு ஆனால்தான் அவருக்கு மனசு ஆறும். அவர் முடித்த கதவில் முகம் பார்த்து ஆச்சிமார் குங்குமத்தைச் சரி செய்துகொள்வார்களாம். இதை அவர் சொல்லி நான் கேட்டது நூறு தடவையாவது இருக்கும்.

நான் டீச்சர். இது நடந்தது அறுபதுகளின் கடைசியில், எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். கல்லல் போகிற வழியில் எங்கள் ஊர். எதிர்க்கரையில் இன்னொரு சின்ன ஊர். இடையில் ஒரு பெரிய கண்மாய். அந்த எதிர்க்கரைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. தலைமையாசிரியரும் நானும் மட்டும்தான். கோடையில் வறண்ட கண்மாய்க்குள் இறங்கி நடந்தால் கால் மணி நேரத்தில் போய்விடுவேன். ஐப்பசியில் கண்மாய் பெருகிவிட்டால் அந்த வழி கிடையாது. கரைமேலும் நடக்க முடியாது. மிஞ்சிய தண்ணீர் வழிகிற கலுங்கில் இடுப்பளவு வெள்ளம் போகும். ரோட்டைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் பத்தரை ஆகிவிடும். பள்ளிக்கூடமோ ஒன்பதரைக்கு.

அதற்கு முந்தின மழைக்காலத்தில் நான் பாதி நாட்கள் தாமதம். இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பேசாமல் போனால் என்ன அர்த்தம் என்பதைத் தலைமையாசிரியர்தான் எனக்குச் சொன்னார்.

"இந்த வருஷம் மூணு தாமதம் விழுந்தா நான் எழுதித்தான் ஆகணும் டீச்சர். மானாமதுரைப் பக்கம் மாத்திருவாக. அப்புறம் என்னயக் கொறை சொல்லாதீக."

அவர் நல்ல மனுஷர், மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. மானாமதுரைப் பக்கம் போனால் நான் அங்கே ஒரு அறை எடுத்துத் தங்க வேண்டும். என் கணவருடைய கதவுகளெல்லாம் இங்கே இருக்கின்றன. அவர் ஓர் ஊர், நான் ஓர் ஊர் என்று ஆகிவிடும். வேலையை விடுவதற்கும் எனக்கு மனசில்லை. அன்று வீட்டுக்கு வந்து அடுப்பு பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி, ஒரு படகு வாங்கிருவம்" என்றார். குடை வாங்கலாம் என்பது போலச் சொன்னார்.

புரட்டாசியில் தொண்டியிலிருந்து உப்பு ஏற்றி வந்த லாரியில் வத்தை என்கிற சின்னப் படகு, பழசு, ஒன்று வந்து இறங்கியது. மூன்று பேர் உட்காரலாம். உடம்பு மட்டும்தான் இருந்தது. துடுப்பு இல்லை, உட்காரப் பலகை இல்லை, விளிம்புக் கட்டை உளுத்திருந்தது. கரிய நிறம், கருவாட்டு வாடை. ஊரே வந்து பார்த்தது. "என்னப்பா, கண்மாயில கப்பல் விடப் போறியா? பர்மாவுக்கு எப்பப் பொறப்பாடு?" என்று கேட்காத ஆள் இல்லை. நான் வெட்கத்தில் தலையைத் தூக்கவில்லை. அவர் மட்டும் அந்த வத்தையைச் சுற்றிச் சுற்றி வந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, அவர் கை துறுதுறுக்கிறது என்று.

ஒரு பெரிய வீட்டில் கழற்றிப் போட்டிருந்த பர்மாத் தேக்கு நிலைக்கட்டையைக் கேட்டு வாங்கி வந்தார். ஆசாரி ஒருவர் அதில் இரண்டு துடுப்பும் ஒரு பலகையும் விளிம்புக் கட்டைகளும் இழைத்துக் கொடுத்தார். பலகையைத் தினமும் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிடலாம், இரண்டு பக்கமும் செருகினால் போதும். பிறகு உப்புத்தாள், அரக்கு, ஸ்பிரிட். ஒன்பது பூச்சு போதாதென்று பதினொன்று போட்டார். வீடெல்லாம் ஸ்பிரிட் வாடை. துடுப்பைத் தூக்கிப் பார்த்தால் என் முகம் தெரிந்தது. கோபப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்று பார்த்தால் திருப்பின முகமும் அதில் தெரிந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படகு விடக் கற்றுக்கொள்ள எனக்கு நாலு நாள் ஆனது. முதல் இரண்டு நாளும் போன இடத்திலேயே வட்டமடித்தேன். கரையில் நின்று அவர், "வலது கை, வலது கை" என்று கத்துவார். அவருக்கும் படகு விடத் தெரியாது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்மாய்க்குள் நின்ற கருவேல மரங்களை ஒதுக்கி ஒதுக்கி, ஒன்பதே காலுக்குப் பள்ளிக்கூடத்துக் கரையில் இறங்கினேன். பிள்ளைகள் கைதட்டின. அன்று நான் இருந்த சந்தோஷத்துக்கு அளவில்லை.

அது எட்டு நாள் தாங்கியது.

முதலில் பலகை வெளுத்தது. ஈரச் சேலையோடு உட்கார்ந்து எழுந்தால், உட்கார்ந்த இடம் மட்டும் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாக, அச்சு எடுத்த மாதிரி இருந்தது. அந்த அச்சைப் பார்த்துப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டன. பிறகு துடுப்பும் வெளுத்தது. தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் வெள்ளை கொஞ்சம் மறையும். அவர் கண்ணில் படக் கூடாதென்று சாயங்காலம் கரைக்கு வருமுன் அப்படித் தேய்த்து வைப்பேன். ஒரு மழை நாளில் நடுக்கண்மாயில் வலதுகைத் துடுப்பு என் பிடியிலிருந்து நழுவியது. அவ்வளவு வழவழப்பு. அது போய்க் கருவேல முள்ளுக்குள் செருகிக்கொண்டது. ஒற்றைத் துடுப்போடு சுற்றிச் சுற்றிப் போய் அதை எடுத்துக்கொண்டு கரை சேர்ந்தபோது பத்தாக ஐந்து நிமிஷம். முதல் தாமதம்.

அன்று சாயங்காலம் கரையில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டேன். மூக்குக்கு மேல் கோபம்.

"படகுக்குப் போட்டீகளா, கல்யாண வீட்டுக்குப் போட்டீகளா? தண்ணி பட்டா வெளுக்குது, பிடிச்சா வழுக்குது. உங்க பாலிஷ் எனக்கு வேலைய வாங்கித் தராது, உள்ள வேலையப் புடுங்கிரும்!"

அவர் துடுப்பை வாங்கி, வெளுத்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் செத்துப்போயிருந்தது. இருபது வருஷமாக எந்த ஆச்சியும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. எனக்கு உடனே வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் வாயை விட்டு வந்தது வந்ததுதானே.

இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் ரோடு போட்ட இடத்திலிருந்து மிச்சத் தாரை ஒரு டப்பாவில் வாங்கி வந்து துடுப்பின் கைப்பிடியில் பூசினார். தார் என்றால் அவருக்கு அருவருப்பு. அதையும் பூசினார் என்றால் எனக்காகத்தான். மழைக்காலத்துத் தார் காயுமா? மறுநாள் ஒன்பது இருபத்தைந்துக்கே பள்ளிக்கூடத்தில் நின்றேன், இரண்டு உள்ளங்கையும் கன்னங்கரேல் என்று. கையெழுத்துப் போடப் பேனாவைத் தொட முடியவில்லை. பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் வாங்கித் துடைத்துவிட்டு வருவதற்குள் மணி ஒன்பதே முக்கால்.

"நீங்க வந்த நேரம் எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா கையெழுத்துப் போட்ட நேரந்தான் பதிவு" என்றார் தலைமையாசிரியர். இரண்டாவது தாமதம். கார்த்திகை இன்னும் பிறக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டை வழியாகத் தொண்டிக்கு பஸ் ஏறினோம். அவர் ஒரு துடுப்பைப் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு வத்தைக்கு ஒரு பெண் தேங்காய் நாரால் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். நாங்கள் போய் நின்றதும் அவள் கையை நிறுத்தவில்லை.

"எங்குட்டிருந்து வாரீக?"

"காரைக்குடிப் பக்கம்" என்றேன்.

அவர் சுற்றியிருந்த வேட்டியைப் பிரித்துத் துடுப்பை நீட்டினார். அவள் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினாள். பாலிஷ் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"இது என்ன, சாமி வாகனத்துத் துடுப்பா?"

"தேக்குங்க. பதினோரு பூச்சு" என்றார் அவர், மெதுவாக.

"யாத்தாடி! படகுக்கு யாராச்சும் கதவு பாலிஷ் போடுவாகளா?" அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாளோ என்னவோ, சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "மேலாக்க நிக்கிறத எல்லாம் தண்ணி உரிச்சிப்புடும். மரம் குடிக்கணும். சுறா எண்ணெயில குங்கிலியத்தப் பொடிச்சுப் போட்டுக் காச்சி, சூட்டோட தேயிங்க. குடிக்கிற மட்டும் குடிக்கட்டும். மிச்சத்தத் தொடச்சிருங்க."

"கைப்பிடிக்கு?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒண்ணும் வேணாம். வெறும் மரமா விடுங்க. பிடிக்கப் பிடிக்கக் கையே பதம் பாத்துக்கிரும்."

"ஒண்ணுமே போடாமயா?"

"ஒண்ணுமே போடாமத்தான்."

அவர் அதை நம்பாமல் இன்னொரு தடவையும் கேட்டார். ஒன்றும் பூசாத மரத்தை வெளியே அனுப்புவது அவருக்குப் பிள்ளையைச் சட்டை போடாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது மாதிரி.

ஒரு டின் சுறா எண்ணெயோடு திரும்பினோம். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு டின்னை பஸ் கூரைக்கு அனுப்பினார். அப்படியும் வாடை உள்ளே வந்தது. தேவகோட்டையில் ஏறின ஓர் அம்மாள், "யாரு கருவாடு கொண்டாறது?" என்று ஒவ்வொருவர் மடியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் விடியற்காலையில் அவர் தன் கையாலேயே தன் பாலிஷை உரித்தார். உப்புத்தாளை மடித்துப் பிடித்து, துடுப்பு இரண்டையும், கழற்றி வந்த விளிம்புக் கட்டைகளையும் வெறும் மரமாகும் வரை தேய்த்தார். பதினோரு பூச்சும் முற்றத்தில் மாவாக விழுந்தது. நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. வெங்காயத்தை எடுத்து வைத்துக்கொண்டு நறுக்கினேன். பிறகு எண்ணெயைக் காய்ச்சினார். அந்த வாடைக்கு எங்கள் தெருவில் நாய்கூட நிற்கவில்லை.

அதில் அவருக்கு ஒரு பயமும் இருந்தது. அந்த வாரம் கோட்டையூரில் ஒரு கல்யாண வீட்டு வேலை. கையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருந்தாலும் அரக்குப் பாலிஷ் மரத்தில் பிடிக்காது. புள்ளி புள்ளியாக விலகிக்கொள்ளும். சீயக்காய் போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சம்பழத் தோலைப் போட்டு மூன்று தடவை கை கழுவிக்கொண்டு போனார். அப்படியும் அந்த வீட்டு ஆச்சி, "ஏம்ப்பா, இன்னைக்கு உங்கிட்ட என்னமோ மீன் வாடை அடிக்குதே?" என்று கேட்டிருக்கிறார். "கெளுத்தி சாப்பிட்டேன் ஆச்சி" என்று சொல்லிச் சமாளித்தாராம். கதவு நன்றாகத்தான் வந்தது. அதைக் கேட்ட பிறகுதான் நான் சாப்பிட்டேன்.

எண்ணெய் குடித்த துடுப்பு தண்ணீரை முத்து முத்தாக உதறியது. வெறும் மரக் கைப்பிடி, நனைந்தாலும் கைக்குள் நின்றது. தொண்டிப் பெண் சொன்னது ஒன்றுகூடத் தப்பவில்லை. உட்காரும் பலகைக்கு மட்டும் அவர் எண்ணெய் போட மறுத்துவிட்டார்.

"உன் சேலையில வாடை அடிக்கும். பிள்ளைக கிட்ட நிக்கணுமில்ல. இதுக்கு வேற வழி பண்ணிட்டேன். அரக்கோட இன்னொண்ணு சேத்திருக்கேன், இனிமே வெளுக்காது."

அதேபோல வெளுக்கவில்லை. சாயங்காலம் லேசாக மங்கியிருப்பது போலத் தெரியும். காலையில் அவர் பலகையைக் கொண்டு வந்து செருகும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொண்டேன். "எங்க வீட்ல தண்ணிக்கு வெளுக்காத பாலிஷ் ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காக சார்" என்று தலைமையாசிரியரிடமே சொன்னேன். அவரும் தன் வீட்டு நாற்காலிக்குக் கேட்டு வைத்தார்.

ஒரு திங்கட்கிழமை என் குடைக்கம்பி பலகையின் இடது ஓரத்தில் கீறிவிட்டது. விரல் நீளத்துக்குக் கீறல். அவரிடம் சொல்லப் பயந்து பேசாமல் இருந்தேன். செவ்வாய்க்கிழமை பார்த்தால் கீறலைக் காணோம். புதன்கிழமை அதே இடத்தில் கீறல் இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. வியாழக்கிழமை மறுபடியும் காணோம். கணக்குப் பாடம் எடுக்கிறவள்தான் நான். ஆனாலும் எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை அவர் கோட்டையூர் போயிருந்தார். விறகு எடுக்கப் பின்கொட்டகைக்குப் போனேன். கலப்பைக்குப் பின்னால் இரண்டு செங்கல்மேல் ஒரு பலகை கிடந்தது, மேலே பழைய வேட்டி. வேட்டியைத் தூக்கினேன். பலகையில் பாதி சுண்ணாம்பு வெள்ளை. மீதிப் பாதியில் என் முகம் தெரிந்தது. இடது ஓரத்தில் என் குடைக் கீறல். செருகுகிற பலகையோ வீட்டுக்குள் சுவரில் சாய்த்து வைத்திருந்தது, கீறல் இல்லாமல்.

தண்ணிக்கு வெளுக்காத பாலிஷ் எதுவும் இல்லை. இரண்டு பலகைகள் இருந்தன, அவ்வளவுதான். ஒன்று கண்மாயில் வெளுக்க, மற்றதை அவர் வேலைக்குப் போகுமுன் தேய்த்துத் தேய்த்துத் தேற்றிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக. நான் கரையில் வைத்துக் கத்தியது எனக்கு நினைவுக்கு வந்தது. வேட்டியைப் பழையபடி மூடினேன். விறகு எடுக்க மறந்து திரும்பி வந்தேன்.

திங்கட்கிழமை கார்த்திகை மழை ஊற்றியது. வழக்கமாகச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டுதான் துடுப்புப் போடுவேன். அன்று அவர் கரையிலிருந்து திரும்பும்வரை பொறுத்திருந்துவிட்டு, சாக்கைத் தலையிலிருந்து எடுத்துப் பலகையைச் சுற்றிக் கட்டி அதன்மேல் உட்கார்ந்தேன். மழை தலையில் நேராக இறங்கியது. எதிர்க்கரை தெரியவில்லை, கருவேல மரங்களை எண்ணிக்கொண்டுதான் போனேன். இறங்கியதும் பலகையைக் கழற்றிச் சாக்கோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூடத்துக் கடிகாரத்தில் ஒன்பது இருபத்தாறு.

"என்ன டீச்சர், பலகையும் கையுமா வர்றீக?"

"படகுல விட்டா நனஞ்சிரும் சார்."

"அதான் வெளுக்காத பாலிஷுன்னீகளே?"

நான் குனிந்து கையெழுத்துப் போட்டேன். என் தலையிலிருந்து ஒரு சொட்டு பதிவேட்டில் விழுந்தது. அவர் மையொற்றும் தாளால் ஒற்றிவிட்டு, சுவரோரம் இருந்த வாளியை நகர்த்திப் பலகை வைக்க இடம் செய்து கொடுத்தார். நாற்காலி விஷயத்தை அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அந்த வருஷம் மூன்றாவது தாமதம் விழவில்லை. மானாமதுரைக்கு நான் போனது பிற்பாடு ஒரு கல்யாணத்துக்குத்தான், என் கணவரோடு.

சாயங்காலமும் மழை விடவில்லை. சாக்கில் சுற்றிய பலகைமேல் உட்கார்ந்து திரும்பி வந்தேன். அவர் கரையில் குடையோடு நின்றார். படகு தட்டியதும் நான் சாக்கை அவிழ்த்துக் காலடியில் போட்டுவிட்டுப் பலகையைக் கொடுத்தேன். அவர் வழக்கம்போல அதை வாங்கித் தோளில் வைக்கப் போனவர், நின்றார். உள்ளங்கையால் தடவினார். திருப்பிப் பார்த்தார். ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"வெளுக்கவே இல்லையே?" என்றார்.

"நல்ல கைப்பாலிஷு. தண்ணி ஒட்டல" என்றேன்.

அவர் காலடியில் கிடந்த சாக்கைப் பார்த்தார். பிறகு சொட்டச் சொட்ட நின்ற என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார்.

"நீ மட்டும் இப்படி நனஞ்சிருக்கியே?"

"எனக்கு யாரு பாலிஷ் போட்டாக?"

அவர் சிரிக்கவில்லை. குடையை என் கையில் கொடுத்துவிட்டு, பலகையையும் துடுப்பையும் தோளில் வைத்துக்கொண்டு மழையில் எனக்கு முன்னால் நடந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெயில் வந்தது. நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் இரண்டு பலகைகளையும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் காயவைத்துக்கொண்டிருந்தார்.